உறுப்பு மாற்றுப் பிரிவில் வேலைக்குப் போகலாமா? கோஆர்டினேட்டர், கிளினிக்கல் பார்மசிஸ்ட் ஆக நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் சென்னையில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக, கல்லீரல் மாற்றுப் பிரிவில் கிளினிக்கல் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். 2013இல் சேர்ந்தேன். கல்லூரிகளில் பேசப் போனாலும் சரி, கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, வருகிற சந்தேகங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. பிள்ளைகள் கேட்பது ஒரு மாதிரி, பெற்றவர்கள் கேட்பது ஒரு மாதிரி. அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, தமிழ்நாட்டு நிலவரப்படி பதில் எழுதியிருக்கிறேன்.

உறுப்பு மாற்றுன்னா ஆபரேஷன்தானே மேடம், அதுல டாக்டர் இல்லாதவங்களுக்கு என்ன வேலை?

ஆபரேஷன் சில மணி நேரம். வைத்த சிறுநீரகம் அதற்குப் பிறகு பத்து, பதினைந்து, இருபது வருடம் உழைக்க வேண்டும். உடம்புக்கு அது வெளியாள். எதிர்ப்பு சக்தி அதைத் தாக்காமல் இருக்க, உறுப்பு இருக்கும் காலம் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரை குறைந்தால் உடம்பு உறுப்பை நிராகரிக்கும். கூடினால் தொற்று வரும், அதே மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நோயாளியை நிறுத்தி வைக்க டாக்டருக்கு உதவுவது கிளினிக்கல் பார்மசிஸ்ட்டின் தினசரி வேலை.

ஆபரேஷனுக்கு முன்னாலும் நிறைய இருக்கிறது. உறுப்பு எங்கிருந்து வருகிறது, யார் சம்மதம் கொடுத்தார்கள், யாருக்குப் போக வேண்டும், எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்று பார்க்க வேண்டும். இதயத்தை வெளியே எடுத்தால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். சிறுநீரகம் ஒரு நாள் வரை தாங்கும். இதையெல்லாம் ஓடி ஓடிச் செய்பவர் டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர். இவர்கள் தவிர டயட்டீஷியன், டயாலிசிஸ் டெக்னீஷியன், ஐசியூ நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் இந்தக் குழுவில் உண்டு. எனக்கு நெருக்கமாகத் தெரிந்த கோஆர்டினேட்டர், கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்ற இரண்டு வேலைகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கோஆர்டினேட்டர்னா சரியா என்ன பண்ணுவாங்க?

இரண்டு விதமான கோஆர்டினேட்டர் உண்டு. ஒருவர் உறுப்பு கொடுப்பவர் பக்கம், இன்னொருவர் பெறுபவர் பக்கம். சின்ன மருத்துவமனையில் இரண்டையும் ஒரே ஆள் பார்ப்பார்.

கொடுப்பவர் பக்கம் இருப்பவர் ஐசியூவோடு தொடர்பில் இருப்பார். மூளைச்சாவு என்று டாக்டர்கள் சந்தேகப்பட்டதும் அவருக்குத் தகவல் வரும். சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு இரண்டு முறை சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு சோதனைகளுக்கும் இடையில் குறைந்தது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். மாற்று அறுவை சிகிச்சை செய்யும் குழுவைச் சேர்ந்த யாரும் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. அதன் பிறகு குடும்பத்தோடு பேச்சு, சம்மதப் படிவம், மாநில ஆணையமான டிரான்ஸ்டானுக்குத் தகவல். விபத்து கேஸ் என்றால் போலீஸ், எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனைக்குத் தடயவியல் டாக்டர் என்று அலைய வேண்டும். கடைசியில் உடலை மரியாதையாக ஒப்படைத்து வண்டி ஏற்றிவிடும் வரை அவர் பொறுப்பு.

பெறுபவர் பக்கம் இருப்பவர் காத்திருப்போர் பட்டியல், பரிசோதனைகள், காப்பீட்டு அனுமதி, உயிரோடு இருப்பவர் தானம் தந்தால் உறவைக் காட்டும் ஆவணங்கள் எல்லாவற்றையும் பார்ப்பார். நோயாளிகள் ராத்திரி பதினோரு மணிக்குக் காய்ச்சல் என்று அழைப்பதும் இவரைத்தான்.

நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடிச்சிருக்கேன். கோஆர்டினேட்டர் ஆக அது போதுமா?

போதும். 1994இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை 2011இல் திருத்தினார்கள், 2014இல் புதிய விதிகள் வந்தன. அதன்படி கோஆர்டினேட்டர் இல்லாத மருத்துவமனைக்குப் பதிவே கிடையாது. மருத்துவப் பட்டதாரி, நர்ஸ் அல்லது ஏதாவது ஒரு பட்டம் பெற்றவர் இந்த வேலைக்கு வரலாம். பட்டதாரி என்றால் சமூகப்பணி, சமூகவியல், பொது சுகாதாரம் போன்றவற்றில் முதுகலை இருப்பது நல்லது என்கிறது விதி. என்னோடு வேலை பார்த்த நல்ல கோஆர்டினேட்டர்களில் பாதிப் பேர் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள்.

பட்டத்தோடு பயிற்சியும் வேண்டும். 1997இல் சென்னையில் டாக்டர் சுனில் ஷ்ராஃப் தொடங்கிய மோகன் ஃபவுண்டேஷன் இதற்கென்றே பயிற்சி நடத்துகிறது. வேலை கேட்டுப் போகும்போது அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. முடிந்தால் பயிற்சிக்கு முன்பே ஏதாவது ஓர் ஐசியூ வாசலில் ஒரு வாரம் இருந்து பாருங்கள். உங்களுக்கு ஒத்துவருமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா அம்மாகிட்ட போய் உறுப்பைக் கேக்கணும். எனக்கு அந்த மனசு வருமா?

எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். நானும் என் கூட வேலை பார்க்கும் கோஆர்டினேட்டரிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னார்: "நான் போய் முதல்ல உறுப்பைப் பத்திப் பேசறதே இல்ல. சாப்பிட்டீங்களான்னுதான் கேப்பேன்." நிஜமாகவே அப்படித்தான். விபத்தில் அடிபட்ட பையனைக் கொண்டுவந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஐசியூவில் என்ன நடக்கிறது என்று விளக்குவது, தங்க இடம் காட்டுவது, டாக்டரைப் பார்க்க வைப்பது எல்லாம் அவர்தான். இறப்புச் செய்தியை டாக்டர் சொல்ல வேண்டும். அது மனதில் இறங்க நேரம் கொடுக்க வேண்டும். 'நெஞ்சு ஏறி இறங்குதே, எப்படிச் செத்துப்போச்சுன்னு சொல்றீங்க?' என்று அம்மா கேட்பார். வென்டிலேட்டர்தான் மூச்சு விடுகிறது என்பதை எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறையும் பொறுமையாகச் சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் தானம் என்ற வார்த்தையே வரும்.

அவர்கள் மறுத்தாலும் நம் நடத்தை மாறக் கூடாது. அதே மரியாதையோடு உடலை அனுப்பி வைக்க வேண்டும். சம்மதம் வாங்குவதை எண்ணிக்கையாகப் பார்ப்பவர் இந்த வேலைக்கு வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு ஒரு தேர்வு இருக்கிறது என்று தெரிவிப்பதுதான் வேலை. சட்டமும் அதையே சொல்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு முன்பைவிடக் கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். சென்னைப் போக்குவரத்தை நிறுத்தி அவனுடைய இதயத்தைக் கொண்டுபோனதை ஊரே பார்த்தது. இன்றும் கிராமத்து ஆட்கள் 'அந்த டாக்டர் பையன் மாதிரியா?' என்று கேட்கிறார்கள். உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்த பிறகு, மாலையோடு கலெக்டர் வீட்டு வாசலில் நிற்பதை ஊர் பார்க்கிறது. 2024இல் மாநிலத்தில் 268 குடும்பங்கள் தானம் செய்தன. அந்த 268 பேச்சுகளும் ஏதோ ஓர் ஐசியூவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நடந்தவை.

என் பொண்ணு ஆறு வருஷம் பார்ம்.டி. படிச்சிட்டு கடைசியில மருந்துக்கடையிலதான் நிக்கணுமாம்மா?

இல்லை அம்மா. மருந்துக்கடையில் நிற்பதும் மரியாதையான தொழில்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் பார்ம்.டி. (டாக்டர் ஆஃப் பார்மசி) படிப்பு 2008இல் நம் நாட்டில் தொடங்கப்பட்டதே நோயாளியின் கட்டிலருகே வேலை செய்யத்தான். அதனால்தான் குறைந்தது 300 படுக்கை உள்ள மருத்துவமனையோடு இணைந்து நடத்த வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஐந்து வருடம் படிப்பு, ஆறாவது வருடம் முழுக்க மருத்துவமனையில் இன்டெர்ன்ஷிப்.

கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்பவர் வார்டு ரவுண்ட்ஸில் டாக்டரோடு போவார். கேஸ் ஷீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்தையும் பார்ப்பார். டோஸ் சரியா, ஒன்றோடொன்று மோதுகிறதா, சிறுநீரகம் கெட்டவருக்குக் குறைக்க வேண்டுமா என்று கவனித்துச் சொல்வார். உறுப்பு மாற்றுப் பிரிவு, கேன்சர் பிரிவு, ஐசியூ, குழந்தைகள் ஐசியூ போன்ற இடங்களில் இந்தக் கண் மிகவும் தேவைப்படுகிறது.

பி.பார்ம்., எம்.பார்ம்., பார்ம்.டி. மூணுல எதை எடுக்கறது?

கட்டிலருகே வேலை பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டால் பார்ம்.டி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணிதம் இருந்தால் சேரலாம். டி.பார்ம். முடித்தவர்களும் சேரலாம். ஏற்கெனவே பி.பார்ம். முடித்தவர்களுக்கு மூன்று வருடத்தில் பார்ம்.டி. முடிக்க வழி உண்டு. நான் அப்படி வந்தவள்தான். எம்.பார்ம்.மில் பார்மசி பிராக்டிஸ் பிரிவு எடுத்தாலும் இந்த வேலைக்கு வரலாம், ஆசிரியப் பணிக்கும் போகலாம்.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். 'நான்காம், ஐந்தாம் வருடப் பிள்ளைகள் வாரத்தில் எத்தனை நாள் வார்டுக்குப் போகிறார்கள்? ரவுண்ட்ஸில் டாக்டர் இருப்பாரா?' என்று அங்கே படிக்கும் பிள்ளையிடமே கேளுங்கள். இணைந்த மருத்துவமனை காகிதத்தில் மட்டும் இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே ஆறு வருடம் போனால் போனதுதான்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்னு சொல்லுங்களேன்.

காலையில் வந்ததும் முந்தின நாள் ஆபரேஷன் ஆனவர்களின் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), சிறுநீர் அளவு, இரத்த அணுக்கள், மருந்து லெவல் எல்லாம் பார்ப்பேன். பிறகு ரவுண்ட்ஸ். அப்புறம் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு மருந்து சொல்லிக்கொடுப்பது. இதில்தான் அதிக நேரம் போகும், போக வேண்டும்.

சிறுநீரகம் மாற்றியவர் வீட்டுக்குப் போகும்போது டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு என்று எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மூன்று முக்கிய மருந்துகள் இருக்கும். தொற்று வராமல் தடுக்க கோட்ரைமாக்சசோல், வால்கான்சிக்ளோவிர், பிரஷருக்கு இரண்டு, ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறினால் இன்சுலின். ஒரு நாளைக்கு இருபது மாத்திரை தாண்டுவது சாதாரணம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு இதைப் புரியவைக்க வேண்டும். நான் மாத்திரை அட்டையின் ஒரு துண்டை அட்டவணையில் ஒட்டி, பக்கத்தில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பேன். பிறகு அவரையே டப்பாவில் அடுக்கச் சொல்வேன். சரியாக அடுக்கிக் காட்டாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

மதியத்துக்கு மேல் ஓ.பி., டாக்டர்களின் சந்தேகங்கள், போன்கள். 'மாத்திரை சாப்பிட்டு பத்து நிமிஷத்துல வாந்தி எடுத்துட்டேன், திரும்பச் சாப்பிடவா?' என்பது போன்ற கேள்விகள் ஆறு மணி வரை வரும்.

எப்பப் பார்த்தாலும் லெவல் லெவல்னு சொல்றீங்களே, அது என்னது?

இரத்தத்தில் டாக்ரோலிமஸ் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு. இந்த மருந்து 1984இல் ஜப்பானின் ட்சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. இன்று உறுப்பு மாற்று சிகிச்சையே இதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் வேலை செய்யும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் பார்ப்போம். புதிதாகச் சிறுநீரகம் வைத்தவருக்கு முதல் சில மாதங்கள் 8 முதல் 12 வரை வைப்பதும், பிறகு 5 முதல் 8 வரை இறக்குவதும் பொதுவான வழக்கம். மையத்துக்கு மையம் கொஞ்சம் மாறும்.

லெவல் எடுக்கும் நேரம் உயிர்நாடி. ராத்திரி மாத்திரை போட்டு பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன்பு இரத்தம் எடுக்க வேண்டும். ஒருமுறை ஒரு தம்பிக்கு லெவல் 22 வந்தது. எல்லாரும் பதறி டோஸைக் குறைக்கத் தயாரானார்கள். நான் போய், 'காலைல என்னப்பா பண்ணின?' என்று கேட்டேன். 'வரிசை பெருசா இருந்துச்சு அக்கா, நேரமாகுதேன்னு மாத்திரையைப் போட்டுட்டேன்' என்றான். மறுநாள் ஒழுங்காக எடுத்தபோது 9. முதல் நாள் கண்டதை நம்பி டோஸைக் குறைத்திருந்தால் அவனுடைய சிறுநீரகம் ஆபத்தில் இருந்திருக்கும். அவனுடையது அவன் அம்மா கொடுத்த சிறுநீரகம்.

மருந்தும் மருந்தும் மோதும்னு படிச்சிருக்கோம். நிஜத்துல அது அவ்வளவு பெரிய விஷயமா?

இந்தப் பிரிவில் அதுதான் பெரிய விஷயம். டாக்ரோலிமஸைக் கல்லீரலிலும் குடலிலும் ஒரு என்சைம் உடைக்கிறது. அதே என்சைமைத் தடுக்கும் மருந்து வந்தால் லெவல் ஏறும், தூண்டும் மருந்து வந்தால் இறங்கும். என் நோயாளி ஒருவர் ஊரில் இருமலுக்கு ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார். கிளாரித்ரோமைசின் கொடுத்தார்கள். ஐந்து நாளில் கை நடுக்கத்தோடு வந்தார், லெவல் எங்கேயோ போயிருந்தது, கிரியாட்டினின் இரண்டு மடங்கு. அசித்ரோமைசின் கொடுத்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. அன்றிலிருந்து ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்ன அட்டை கொடுக்கிறேன்: 'எந்த டாக்டர் எந்த மருந்து கொடுத்தாலும் முதல் மாத்திரைக்கு முன் எங்களுக்கு போன் செய்யவும்.'

பூஞ்சைத் தொற்றுக்கு வோரிகோனசோல் தொடங்கினால் டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். நிறுத்தும்போது மறுபடி ஏற்ற வேண்டும். தொடங்கும்போது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், நிறுத்தும்போதுதான் மறந்துபோகும். யூரிக் ஆசிட்டுக்குக் கொடுக்கும் அலோபியூரினால், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் இன்னொரு மருந்தான அசதியோபிரினோடு சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும். வயிற்றுப்போக்கு வந்தால்கூட டாக்ரோலிமஸ் லெவல் ஏறும் என்பது புதிதாக வருகிற பலருக்குத் தெரிவதில்லை. வயிற்றுப்போக்கில் மருந்து வெளியேறிவிடும் என்று நினைத்து டோஸைக் கூட்டச் சொல்வார்கள்.

டிபி வந்துட்டா ஏன் எல்லாரும் அவ்வளவு பயப்படறாங்க?

எதிர்ப்பு சக்தியைக் குறைத்து வைத்திருக்கும் உடம்பு, நம் ஊரில் டிபி சாதாரணம். அதனால் வரத்தான் செய்யும். டிபி மருந்துகளில் முதன்மையான ரிஃபாம்பிசின், மேலே சொன்ன என்சைமைப் பலமாகத் தூண்டும். டாக்ரோலிமஸ் லெவல் தரைக்கு வந்துவிடும். பழைய லெவலைப் பிடிக்க டோஸைப் பல மடங்கு கூட்ட வேண்டியிருக்கும், அதற்குச் செலவும் பல மடங்கு. ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் தூண்டல் இரண்டு வாரம்போல் நீடிக்கும், அந்த நேரத்தில் டோஸைப் படிப்படியாக இறக்க வேண்டும்.

அதனால் பல மையங்களில் ரிஃபாம்பிசினைத் தவிர்த்து லெவோஃப்ளாக்சசின் சேர்த்த மருந்துத் திட்டம் கொடுப்பார்கள், அல்லது தூண்டல் குறைவான ரிஃபாபுடின் பயன்படுத்துவார்கள். எது என்று முடிவு செய்வது டாக்டர். அந்த முடிவுக்கு முன் இரண்டு வழியிலும் டோஸ் என்ன, லெவல் எந்தெந்த நாளில் பார்க்க வேண்டும், மாதம் எவ்வளவு செலவு என்று ஒரு தாளில் எழுதி மேஜையில் வைப்பது என் வேலை. வெளிநாட்டுப் புத்தகங்களில் டிபி ஒரு சின்னப் பத்தியாகத்தான் இருக்கும். இங்கே அதை நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

நோயாளி நாட்டு மருந்து சாப்பிடலாமான்னு கேட்டா என்ன சொல்றது?

திட்டாதீர்கள். திட்டினால் சாப்பிட்டுவிட்டு நம்மிடம் மறைப்பார்கள். 'என்ன மருந்து, கொண்டுவந்து காட்டுங்க' என்று கேளுங்கள். ஆடுதின்னாப்பாளையில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது, அது சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும். நட்சத்திரப் பழம், பிலிம்பி இரண்டிலும் சிறுநீரகத்துக்கு ஆகாத ஆக்சலேட் மிக அதிகம். பம்ளிமாஸ் டாக்ரோலிமஸ் லெவலை ஏற்றிவிடும். சமையலில் போடுகிற மஞ்சள், மிளகு, சீரகத்துக்குப் பயப்பட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். எதைச் சாப்பிடலாம் என்று சொல்பவர் பேச்சைத்தான், எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லும்போது கேட்பார்கள்.

டாக்டர்கிட்ட 'இந்த டோஸ் தப்பு'ன்னு சொன்னா கோபப்பட மாட்டாங்களா?

'தப்பு' என்று சொன்னால் கோபம் வரும், யாருக்கும் வரும். 'சார், இவருக்கு நேத்து பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் ஆரம்பிச்சிருக்கோம், நாளைக்கே ஒரு லெவல் பார்த்துடலாமா?' என்று கேட்டால் வராது. கையில் எண் இருக்க வேண்டும், மாற்று வழியும் இருக்க வேண்டும். என் முதல் வருடத்தில் ரவுண்ட்ஸில் என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னது மூன்று முறை சரியாக இருந்த பிறகு, 'பார்மசி எங்கே?' என்று தேட ஆரம்பித்தார்கள்.

தெரியாததைத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'பார்த்துட்டு அரை மணி நேரத்துல சொல்றேன் சார்' என்று சொல்லி, அரை மணி நேரத்தில் சொல்லிவிடுங்கள். நம்பிக்கை அப்படித்தான் சேர்கிறது.

அப்போ நாங்களே மருந்து எழுதலாமா?

நம் நாட்டில் முடியாது. பார்மசிஸ்ட் பரிந்துரைக்கலாம், எச்சரிக்கலாம், எழுதுவது டாக்டர்தான். இதில் குறுக்குவழி வேண்டாம். ஒரு கையெழுத்து உங்கள் பதிவையே பறித்துவிடும்.

சம்பளம் எவ்வளவு வரும்? உண்மையைச் சொல்லுங்க.

ஆரம்பத்தில் குறைவு. 2013இல் நான் சேர்ந்தபோது மாதம் 12,000 ரூபாய். கூடப் படித்த தோழி மருந்துக் கம்பெனியில் அதைப்போல இரண்டு மடங்கு வாங்கினாள். வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்று நான்கு வருடம் ஒரே பிரிவில் நின்று ஆழமாகக் கற்றுக்கொண்ட பிறகு நிலைமை மாறியது. புதிதாக உறுப்பு மாற்றுப் பிரிவு தொடங்கும் மருத்துவமனைகள் அனுபவம் உள்ள ஆளைத் தேடிக் கூப்பிடுகின்றன.

ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கோஆர்டினேட்டர் இல்லாமல் மருத்துவமனைக்குப் பதிவு கிடைக்காது என்று மேலே சொன்னேன். கிளினிக்கல் பார்மசிஸ்ட்டுக்கு அப்படி ஒரு கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் 2007 விதிகளிலேயே உறுப்பு மாற்றுக் குழுவில் மருந்தியல் அறிந்தவர் வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். இங்கே மருத்துவமனைகளுக்குத் தரும் என்.ஏ.பி.எச். தரச்சான்றுக்கு மருந்துப் பாதுகாப்பைக் காட்ட வேண்டியிருப்பதால்தான் பல மருத்துவமனைகள் எங்களை எடுக்கின்றன. அப்படி எடுத்து, படிவம் நிரப்ப மட்டும் உட்கார வைப்பதும் நடக்கிறது. அமெரிக்காவில் உள்ள அந்த விதி இங்கேயும் வர வேண்டும் என்று மாநாடுகளில் நான் பேசாத நாளில்லை. அது வரும்வரை, நீங்கள் தடுத்த தவறுகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சம்பள உயர்வு கேட்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

கவர்மென்ட் வேலை கிடைக்குமா?

அரசு மருத்துவமனைகளில் பார்மசிஸ்ட் பணி உண்டு, ஆனால் அது மருந்து வழங்கும் பணி. உறுப்பு மாற்றுக்கென்று கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்ற தனிப் பணியிடத்தை நம்பி ஆறு வருடத்தைப் போடாதீர்கள்.

கோஆர்டினேட்டருக்கு வாய்ப்பு அதிகம். சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனைகள் மட்டுமல்ல, மாற்று அறுவை செய்யாமல் உறுப்புகளை எடுத்துக்கொடுக்க மட்டும் அனுமதி பெற்ற மருத்துவமனைகளும் மாவட்டங்களில் இருக்கின்றன. அங்கேயும் கோஆர்டினேட்டர் வேண்டும். சொந்த ஊரை விட்டு வர முடியாதவர்கள் முதலில் அங்கே விசாரியுங்கள்.

வெளிநாடு போக முடியுமா?

முடியும், நீண்ட வழி. அமெரிக்காவில் பார்மசிஸ்ட் உரிமம் பெற வெளிநாட்டுப் பட்டதாரிக்குக் குறைந்தது ஐந்து வருடப் படிப்பு வேண்டும். அதனால் நான்கு வருட பி.பார்ம். மட்டும் இருந்தால் அந்த வாசல் திறக்காது, பார்ம்.டி. இருந்தால் திறக்கும். தகுதித் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, உரிமத் தேர்வு, பிறகு ஒரு வருட ரெசிடென்சி (மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பெறும் பயிற்சி), அதன்பின் உறுப்பு மாற்றில் இரண்டாம் வருட ரெசிடென்சி. உறுப்பு மாற்று பார்மசிக்கென்றே தனி நிபுணர் சான்றுத் தேர்வும் அங்கே 2020இல் தொடங்கிவிட்டது. பிரிட்டனுக்கு வேறு வழி: அங்கே ஒரு வருடப் படிப்பு, பிறகு பயிற்சிக் காலம், தேர்வு.

நான் சொல்வது, போவதற்கு முன் இங்கே இரண்டு வருடம் வேலை பாருங்கள். நம் ஓ.பி.யில் ஒரு வாரத்தில் பார்க்கிற நோயாளிகளை அங்கே பார்க்க மாதக்கணக்கு ஆகும் என்று போனவர்கள் சொல்கிறார்கள்.

கிட்னி விக்கிற கேஸ் பேப்பர்ல வருதே. இந்த வேலையில நாமளும் மாட்டிப்போமோ?

பயப்படுவது நல்லதுதான். உறுப்பை விற்பதற்கும் வாங்குவதற்கும் தரகு செய்வதற்கும் 5 முதல் 10 வருடம் சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். உயிரோடு இருப்பவர் தானம் செய்ய வேண்டுமானால் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி ஆகியோர்தான் நெருங்கிய உறவு. வேறு யாராக இருந்தாலும் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும்.

கோஆர்டினேட்டருக்குச் சில சமயம் உள்ளுக்குள் உறுத்தும். அக்கா என்று சொல்கிறவருக்குத் தம்பியின் பிறந்தநாள் தெரியாது. மருமகளை மட்டும் தனியாக விட்டால் அழுவாள். உறுத்தினால் கோப்பை நகர்த்தாதீர்கள். தானம் தருபவரைக் குடும்பம் இல்லாத அறையில் தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். 'வேண்டாம்னு சொல்ல விரும்பினா, உடம்பு சோதனையில சரியா வரலைன்னு டாக்டர் சொல்லிடுவார், உங்க பேர் வெளியே வராது' என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன பிறகு கையைப் பிடித்துக்கொண்டு அழுத பெண்களை எங்கள் கோஆர்டினேட்டர் பார்த்திருக்கிறார். மேலிடத்தில் அவசரப்படுத்தினால் எழுத்தில் பதில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பெத்துக்கலாமான்னு கேக்கற பொண்ணுங்களுக்கு நாம பதில் சொல்லலாமா?

சொல்ல வேண்டும், அதுவும் அவர்கள் கேட்பதற்கு முன்பே. மைக்கோபினோலேட் கருவைப் பாதிக்கும். கர்ப்பத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்தி, டாக்டர் பெரும்பாலும் அசதியோபிரினுக்கு மாற்றுவார். நம் பெண்கள் இதை ஆண் டாக்டரிடம் கேட்கத் தயங்குவார்கள். மாமியார் கூட இருந்தால் வாயே திறக்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் பாடத்தின்போது தனியாக ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு நானே ஆரம்பிப்பேன். சரியாகத் திட்டமிட்டுப் பெற்ற குழந்தையை ஓ.பி.க்குத் தூக்கிக்கொண்டு வந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

நான் இப்போ நாலாம் வருஷம் படிக்கிறேன். நாளைக்கே எதைச் செய்ய ஆரம்பிக்கலாம்?

உங்கள் இணைந்த மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு இருக்கும். அங்கே போய் உட்காருங்கள். உறுப்புக்காகக் காத்திருப்பவர்களை அங்கேதான் பார்ப்பீர்கள். அவர்கள் சாப்பிடும் மருந்துகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று தேடுங்கள். ஐந்தாம் வருட ப்ராஜெக்டுக்கு டாக்ரோலிமஸ் லெவலையோ, நோயாளிகள் மாத்திரையை ஏன் விடுகிறார்கள் என்பதையோ எடுக்கலாம். இன்டெர்ன்ஷிப்பில் சிறுநீரகப் பிரிவை முதலில் கேட்டு வாங்குங்கள்.

தமிழில் விளக்கிப் பழகுங்கள். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் படித்துவிட்டு, 'இம்யூனோசப்ரஷன்' என்பதைத் திருவண்ணாமலையிலிருந்து வந்த விவசாயியிடம் எப்படிச் சொல்வது என்று திணறுகிற பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கிறேன். இன்று ராத்திரி உங்கள் பாட்டியிடம் அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரையைப் பற்றி விளக்கிப் பாருங்கள். அவர் திருப்பிச் சொல்கிறாரா என்று கேளுங்கள்.